அமைச்சருக்குப் போட்ட மார்க்

தமிழ்ப் பரீட்சையில் பத்து மதிப்பெண் கட்டுரைக்கு ஒரு சூத்திரம் உண்டு. முன்னுரை, நான்கைந்து சைடு ஹெட்டிங், முடிவுரை. நாடகத்தில் வருகிற யாரைப் பற்றிக் கேட்டாலும் வீரம், அறிவு, நன்றி மறவாமை, நாட்டுப்பற்று என்று தலைப்புப் போட்டு, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, கீழே ஆறு ஆறு வரி எழுதினால் போதும். அரசனுக்கும் அதுதான், தளபதிக்கும் அதுதான். வில்லனாக இருந்தால் மட்டும் வீரத்தை எடுத்துவிட்டுச் சூழ்ச்சியைப் போட வேண்டும். இந்தச் சூத்திரத்தை நான் வெறுத்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை ஒழித்துக்கட்டிவிடுவேன் என்றுகூட நினைத்தேன். கடைசியில் ஒழிந்தது யார் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் டூவுக்குத் தமிழாசிரியை ஆனேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். தினமும் காலை பஸ்ஸில் நின்றுகொண்டே போய், சாயங்காலம் நின்றுகொண்டே திரும்புவேன். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அப்பா மில்லில் வேலை. சங்கு ஊதினால் யாருடைய அப்பா இப்போது ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறார் என்று வகுப்பிலிருந்தே சொல்லிவிடுவார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகளும் நாலைந்து பேர் இருந்தார்கள். தமிழைப் பிழையில்லாமல் எழுதியது பெரும்பாலும் அவர்கள்தான், அது மற்றவர்களுக்குப் பெரிய எரிச்சல்.

பாடத்தில் ஒரு பழைய செய்யுள் நாடகம் இருந்தது. கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் அரசன், தன் தம்பி சதி செய்கிறான் என்று யாரோ சொன்னதை நம்பி, சபையைக் கூட்டி விசாரித்து, அவனைச் சிறையில் போடுகிறான். தம்பி சிறையிலேயே சாகிறான். அவன் குற்றமற்றவன் என்பது பிறகு தெரிகிறது. அரசி ஒருத்தி, தளபதி ஒருவன், வயதான அமைச்சர் ஒருவர், அழுவதற்கென்றே இரண்டு தோழிகள். கடையில் விற்கிற நோட்ஸின்படி அரசன் மாவீரன், அரசி கற்புக்கரசி, அமைச்சர் அறிவுக்கடல்.

நோட்ஸை என் வகுப்புக்குள் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கரும்பலகையில் மூன்று கட்டம் போடுவேன். அவர் என்ன செய்தார், என்ன பேசினார், மற்றவர்கள் அவரிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள். மூன்றையும் நிரப்பின பிறகுதான் அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல வேண்டும். ‘வீரமானவர் டீச்சர்’ என்று எவளாவது எழுந்து சொன்னால், ‘எந்தப் பக்கத்துல, எந்த வரியில?’ என்று கேட்பேன். முழிப்பாள். ‘அப்போ குடுத்த பட்டத்தத் திரும்ப வாங்கிக்கோ’ என்பேன். வகுப்பு சிரிக்கும். அரசன் ஒரு காட்சியிலாவது வாள் எடுக்கிறானா என்று தேடச் சொன்னேன். புத்தகம் முழுக்கத் தேடினார்கள், எடுக்கவே இல்லை. ஆனால் அவன் மாவீரன் என்று தோழிகள் இரண்டு பேரும் பாட்டாகப் பாடுகிறார்கள். ‘தோழிக சம்பளத்துக்கு இருக்கவங்கதான டீச்சர், அவங்க வேற என்ன சொல்லுவாங்க?’ என்று ஒருத்தி கேட்டாள். அன்று எனக்கு மதியச் சாப்பாடே தேவைப்படவில்லை.

பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது. பஸ் கண்டக்டர், மளிகைக் கடைக்காரர், வீட்டுக்கு வருகிற சித்தப்பா என்று எல்லாரையும் மூன்று கட்டத்துக்குள் போட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி தலைமையாசிரியையைப் பற்றி, ‘இன்ஸ்பெக்ஷன் நடக்கிற நாளில் மட்டும் எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்’ என்று எழுதிக்கொண்டு வந்தாள். தாளை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, திரும்பி நின்று கரும்பலகையைப் பார்த்துச் சிரித்தேன்.

பக்கத்து செக்ஷனுக்குத் தமிழ் எடுத்த டீச்சர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நோட்ஸை வரி விடாமல் ஒப்பிக்க வைப்பார். ஒப்பிக்காதவள் வெயிலில் நிற்க வேண்டும். என் வகுப்பிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டால் வாசலில் வந்து நின்று, ‘ஒங்க பிள்ளைக எல்லாம் வக்கீலுக்கா படிக்காளுக?’ என்பார். நான் அவரை மதிக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். எதுகை மோனை தெரிந்த டேப் ரிக்கார்டர் என்று மனதுக்குள் ஒரு பெயர்கூட வைத்திருந்தேன்.

மூன்றாவது வருஷம் என்னை விடைத்தாள் திருத்தப் போட்டார்கள். நம் ஊர்த் தாளை நாமே திருத்தக் கூடாது என்பதால் வேறு மாவட்டத்துத் தாள் வரும். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். வெளியூரில் ஒரு பள்ளியில் முகாம். ஒரு மேஜைக்கு ஆறு ஏழு பேர், எங்களுக்கு மேலே ஒரு சீஃப். அவர் கையில் ஒரு விடைக்குறிப்பு. அந்த வருஷம் கேட்டிருந்தது அரசனின் பண்புநலன். குறிப்பில் வீரம், கொடை, நீதி, குடிமக்கள் மீது அன்பு என்று நாலு தலைப்பும், தலைப்புக்கு இத்தனை மார்க் என்றும் இருந்தது.

இரண்டாவது நாள் ஒரு தாள் வந்தது. கையெழுத்து கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு தலைப்பும் கிடையாது. ‘இந்த அரசன் வீரன் அல்லன், பயந்தவன்’ என்று ஆரம்பித்திருந்தது. அவன் வருகிற ஒவ்வொரு காட்சியிலும் வாசலில் காவல் யார் என்று விசாரித்துவிட்டுத்தான் உட்காருகிறான், தூங்கப் போகும்முன் இரண்டு தடவை விசாரிக்கிறான், இப்படிப்பட்டவன் தம்பியைச் சந்தேகப்பட்டதில் ஆச்சரியம் இல்லை என்று எழுதியிருந்தது. எத்தனையோ தடவை அந்த நாடகத்தை நடத்தியிருக்கிறேன், அந்தக் காவல் விசாரிப்பு என் கண்ணில் படவே இல்லை. சந்தோஷத்தில் பத்துக்கு எட்டுப் போட்டேன். ஒன்பது போடாதது பயத்தால்தான்.

திருத்தி முடித்த தாள்களில் மாதிரிக்கு ஒன்றிரண்டை உருவிப் பார்க்கும்போது சீஃப் அந்தத் தாளை எடுத்துவிட்டார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குறிப்பையும் தாளையும் அருகருகே வைத்தார்.

“இதுல வீரம் எங்கம்மா இருக்கு?”

“வீரம் இல்லைன்னு எழுதியிருக்கு சார். அதுக்கு ஆதாரமும் குடுத்திருக்கு.”

“அது நாடகத்த எழுதினவருக்கும் இந்தப் பிள்ளைக்கும் உள்ள வழக்கு. ஒங்களுக்கும் எனக்கும் இருக்கது இந்தக் குறிப்பு. கொடை இருக்கா? நீதி இருக்கா? இல்லையே, எதுக்கு எட்டு?”

மேஜையில் எல்லாரும் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ‘புதுசு போல’ என்று யாரோ முனகியது கேட்டது. வாதாடியிருக்கலாம். முகாம் அதிகாரியிடம் போயிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. எட்டை அடித்து இரண்டு போட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்த இரண்டும் நாடகத்தின் பெயரைச் சரியாக எழுதியதற்காக.

இதோடு முடிந்திருந்தால் யாரோ மிரட்டினார்கள், பயந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். அடுத்த நாள் அதே மாதிரி இன்னும் இரண்டு தாள் வந்தன. சீஃப் அப்போது என் பக்கத்திலேயே இல்லை. டீ குடிக்கப் போயிருந்தார் என்று நினைக்கிறேன். யாரும் சொல்லாமலேயே இரண்டுக்கும் இரண்டு மார்க் போட்டேன். முதல் தாளில் எட்டுப் போட்டுவிட்டுத்தான் அடித்தேன். மற்ற இரண்டிலும் எட்டே போடவில்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. முகாமில் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. அதே மூன்று கட்டத்தைக் கரும்பலகையில் போட்டு, அதே நாடகத்தை அதே மாதிரி நடத்தத் தொடங்கினேன். முன்னைவிட உற்சாகமாக நடத்தினேன் என்பதுதான் கேவலம். பிள்ளைகளிடம் ‘பரீட்சையில மட்டும் நோட்ஸ்ல உள்ளத எழுதுங்க’ என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொன்னால் ‘ஏன் டீச்சர்?’ என்பார்கள். ஏன் என்று சொன்னால், நீங்க யாரோட மார்க்கயாவது வெட்டினீங்களா என்று எவளாவது கேட்பாள், கேட்கிற மாதிரிதானே வளர்த்து வைத்திருந்தேன். இதைவிட இன்னொன்று. அந்த வகுப்பு ஒன்றில்தான் என்னை எல்லாரும் கொண்டாடினார்கள். வீட்டில் நான் உப்பு அதிகமாகப் போடுகிற மருமகள், ஸ்டாஃப் ரூமில் ஜூனியர். அந்த நாற்பத்தைந்து நிமிஷம்தான் நான் பெரிய ஆள். அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. ஒவ்வொரு சீஃபும் ஒவ்வொரு மாதிரி, எல்லா ஊரிலும் அப்படியா இருப்பார்கள் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வருஷத்து வகுப்பில்தான் அவள் இருந்தாள்.

ஒல்லியாக, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னின தலையோடு, மூன்றாவது பெஞ்ச் ஓரத்தில் உட்காருவாள். அப்பா மில்லில் நூல் பிரிவில் வேலை. கையைத் தூக்கிக்கொண்டு குதிக்கிற ரகம் இல்லை. எல்லாரும் பேசி முடித்த பிறகு எழுந்து ஒன்று சொல்வாள், அதற்கு மேல் அந்தப் பீரியடில் பேச ஒன்றும் இருக்காது. அமைச்சரைப் பற்றிப் பேசின அன்று, அவர் அறிவாளியா இல்லையா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்தது. இவள் எழுந்தாள்.

“டீச்சர், அவர் அறிவாளிதான். எல்லாமே அவருக்குத் தெரியுது. ஆனா தம்பி செத்த பொறவுதான் ‘எனக்கு அன்னைக்கே தெரியும்’னு சொல்லுதார். தளபதி ஓடிப்போன பொறவு ‘அன்னைக்கே தெரியும்’னு சொல்லுதார். அரசிகிட்டயும் அதத்தான் சொல்லுதார். மூணு எடத்துலயும் எல்லாம் முடிஞ்ச பொறவுதான் டீச்சர். முந்தி ஒரு எடத்துலகூட வாயத் தொறக்கல. சபையில அவருக்குப் பேச்சே இல்ல.”

வகுப்பு பக்கத்தைப் புரட்டிப் பார்த்தது. உண்மைதான். சபைக் காட்சியில் ஏழு பேர் பேசுகிறார்கள். அமைச்சருக்கு ஒரு வரி கிடையாது.

“அப்போ அவர் எப்படிப்பட்டவர்?” என்று கேட்டேன்.

“பதவிய விடப் பயந்தவர் டீச்சர்.”

நன்றாக இருக்கிறது, எழுதி வை என்றேன். எழுதி வைத்தாள்.

அந்த வருஷம் பொங்கல் கழித்து அவளுடைய அப்பா பள்ளிக்கு வந்தார். ராத்திரி ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார், தலைமயிரில் பஞ்சு ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“டீச்சர், இவ டீச்சர் டிரெய்னிங்குக்குப் போவணும்னு ஒத்தக் கால்ல நிக்கா. மார்க்கு பாத்துத்தான் சீட்டாம்லா. கெடச்சா சேத்து விடுதேன். கெடைக்காட்டி மகாராஜபுரத்துல இருந்து கேட்டு வந்திருக்காவ, நல்ல எடம், தோப்பு தொரவு இருக்கு. அவியளுக்கு நான் பதில் சொல்லணும். மார்க்கு வந்துருமா?”

“வந்துரும்” என்றேன். “தமிழ்ல மட்டும் அவள அடிச்சுக்க ஆள் இல்ல.”

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்று அவர் போன பிறகாவது அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அவள் மனப்பாடம் பண்ண ஒரு வாரம் போதும்.

பரீட்சை அன்று நான் வேறு பள்ளியில் மேற்பார்வைக்குப் போயிருந்தேன். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடிக்கக் காத்திருந்தாள். அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

“டீச்சர், அமைச்சர் வந்துட்டாரு! நாலு பக்கம் எழுதினேன். மூணு காட்சியையும் எழுதி, சபையில பேசாம இருந்ததையும் எழுதிட்டேன். ஒரு சைடு ஹெட்டிங் போடல டீச்சர், நீங்க சொன்ன மாதிரியே.”

“கையெழுத்து நல்லா எழுதினியா?” என்று கேட்டேன். அதுதான் எனக்கு வாயில் வந்தது. எழுதினேன் என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

மே மாதம் ரிசல்ட். மார்க் லிஸ்ட் வாங்க எல்லாரும் பள்ளிக்கு வந்திருந்தார்கள். அவள் மற்றப் பாடங்களில் நன்றாகவே வாங்கியிருந்தாள். தமிழில்தான் குறைச்சல். ஆபீஸ் ரூம் வாசலில் தலைமையாசிரியை, கணக்கு டீச்சர், பியூன் அம்மா, எல்லாரும் அவளைச் சுற்றி நின்று, ‘தமிழ்லயா? ஒனக்கா? எப்படிட்டி?’ என்று கேட்டார்கள். பக்கத்து செக்ஷன் டீச்சர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, கூட்டலில் தப்பு இருக்கும், எழுதிப் போடலாம், நானே விண்ணப்பம் எழுதித் தருகிறேன் என்றார். அவருடைய வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் எண்பது சதவீதத்துக்கு மேல். என்னைக் குத்திக்காட்ட அவருக்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது, ஆனால் குத்தவில்லை. அந்தப் பெண்ணுக்காக உண்மையாகவே பதறினார். நான் மார்க் லிஸ்டைப் பார்த்துக்கொண்டே, ‘வேண்டாம், எழுதிப் போட்டு ஒண்ணும் மாறாது. மொத்தத்துல பாஸ்தான, விடு’ என்றேன்.

டிரெய்னிங் சீட் சொற்ப மார்க்கில் போயிற்று. தமிழ்க் கட்டுரை ஒன்றில் முழு மார்க் வந்திருந்தால் தாண்டியிருப்பாள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க அவளே வந்தாள், அப்பாவோடு. வருவதாகச் சொன்னேன். அன்று எனக்குக் காய்ச்சல் என்று பிறகு சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை, வீட்டில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷத்தோடு மூன்று கட்டத்தை நிறுத்தினேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நோட்ஸைக் கொண்டுவரச் சொன்னேன், சைடு ஹெட்டிங்குக்குக் கோடு போடச் சொன்னேன், ஒப்பிக்காதவளை வெயிலில் நிற்கவைத்தேன். முதல் வருஷம் பிள்ளைகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள், அக்காக்களிடம் வேறு மாதிரிக் கேள்விப்பட்டிருப்பார்கள் போல. பிறகு வந்தவர்களுக்கு அதுவும் இல்லை. என் செக்ஷனில் தமிழில் தோல்வி என்பதே இல்லாமல் போயிற்று. ஆண்டு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு எனக்குச் சால்வை போட்டார்கள். பக்கத்து செக்ஷன் டீச்சர் ரிட்டயர் ஆகும்போது, ‘எனக்கப்புறம் நீங்கதான்’ என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு அந்தக் கையை உதற வேண்டும்போல் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஜூன் மாதம் அவள் பள்ளிக்கு வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, கூடவே அவளுடைய கடைசித் தங்கை. தங்கை என் வகுப்பில்தான் சேர்ந்திருந்தாள், எனக்குத் தெரியாது. அக்கா வெயிலில் கறுத்திருந்தாள். தோப்பில் வேலை அதிகம் என்று அவளாகவே சொன்னாள். கிருஷ்ணன்கோவிலில் பஸ் மாறி, மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூரில் மாறி வந்திருக்கிறாள். சொல்லத் தயங்கிக்கொண்டே நின்றாள்.

“டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. இவளும் டிரெய்னிங்குக்குத்தான் போவணும்ங்கா. இவளுக்கு மட்டும் நோட்ஸ்ல உள்ளத சொல்லிக் குடுத்துருங்க டீச்சர். மத்தத எல்லாம் வேண்டாம்.”

“இப்போ எல்லாருக்குமே அப்படித்தான் நடத்துறேன்” என்றேன்.

அவளுக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். கேட்டு வந்தது அதைத்தானே. ஆனால் அவள் முகம் விழுந்துவிட்டது. “எல்லாருக்குமா டீச்சர்?” என்றாள். ஆமாம் என்றேன். குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, செத்த நேரம் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, சரி டீச்சர், வாரேன் என்று கிளம்பினாள். அன்று முழுக்க எனக்கு அவள் மேல் கோபம். தங்கைக்கு ஒரு நியாயம், ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு நியாயமா என்று மனதுக்குள் அவளோடு சண்டை போட்டேன். கேட்க நாதியில்லாத சண்டை.

தங்கை கெட்டிக்காரி. கமா விடாமல் ஒப்பித்தாள். மறுவருஷம் தமிழில் நல்ல மார்க், டிரெய்னிங் சீட்டும் கிடைத்தது. அக்காவும் தங்கையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார்கள். பழம், பூ, தோப்பிலிருந்து நாலு தேங்காய். காபி போட்டுக் கொடுத்தேன். பேச்சுக்காகத் தங்கையிடம் கேட்டேன்.

“அமைச்சர் கட்டுரையா வந்தது? எப்படிப்பட்டவர் அவர்?”

“யாரு டீச்சர்?”

“நாடகத்துல வருவாரே.”

“ஓ, அதுவா. அறிவுக்கூர்மை, நாட்டுப்பற்று, தொலைநோக்கு… நாலாவது மறந்துபோச்சு டீச்சர்.” சிரித்தாள். பரீட்சை முடிந்துவிட்டதே, எதற்கு ஞாபகம் இருக்க வேண்டும். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

தங்கை கோயிலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இருந்தோம். தங்கைக்குச் சீட் கிடைத்த தைரியமோ என்னவோ, எத்தனையோ வருஷமாகத் தொண்டையில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் பரீட்சை எழுதுவதற்கு முந்தின வருஷம் நான் தாள் திருத்தப் போனது, எட்டு மார்க்கை அடித்து இரண்டாக்கியது, பிறகு யாரும் சொல்லாமலே இரண்டு தாளை வெட்டியது, தலைப்பு இல்லாவிட்டால் மார்க் வராது என்று தெரிந்தே அவளிடம் சொல்லாமல் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை, வியர்த்தது.

அவள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“தெரியும் டீச்சர்.”

“யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. ரிசல்ட் அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. அம்புட்டு பேரும் ‘ஒனக்கா தமிழ்ல கொறஞ்சுது, எப்படி’ன்னு கேட்டாங்க. பியூன் அம்மாகூடக் கேட்டாங்க. நீங்க மட்டும் கேக்கல. அந்த டீச்சர் எழுதிப் போடலாம்னு சொன்னப்போ, மாறாதுன்னு ஒடனே சொல்லிட்டீங்க. தெரியாதவங்களா இருந்தா, போட்டுத்தான் பாப்போமேன்னு சொல்லியிருப்பீங்கள்ல. வீட்டுக்குப் போற வழியில யோசிச்சுப் பாத்தேன். வேற எதுவும் பொருந்தி வரல.”

பதினேழு வயதுப் பெண், சீட் போன அன்று, மார்க் லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து போகும்போது இதைக் கணக்குப் போட்டிருக்கிறாள். அதை வைத்துக்கொண்டுதான் எனக்குக் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து நீட்டியிருக்கிறாள். நான் வராதபோதும் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

“அன்னைக்கே எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்ல?” என்றேன். என் குரலில் கோபம் இருந்தது. யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் எழுந்து சேலையை உதறிச் சரி செய்துகொண்டாள். வெளியே தங்கை குழந்தையோடு திரும்பி வருகிற சத்தம் கேட்டது.

“கேட்டா நீங்க பொய் சொல்லியிருப்பீங்க டீச்சர். அதையும் வேற நான் பாக்கணுமா?”

வாரேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். பின்னாலேயே வாசல்வரை போனேன், கூப்பிடவில்லை. அவள் சொன்னது சரி. பொய்தான் சொல்லியிருப்பேன்.